ஷேரிங் திறக்கவில்லை, பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஏற்கவில்லை: விண்டோஸ் 11 24எச்2, நவம்பர் அப்டேட்

பாளை_ட்ரேசிங் | 2025 நவம்பர் 12, இரவு 8.50

வணக்கம். பாளையங்கோட்டையில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் வேலை. கடையில் நான்கு கணினிகள்.

புரட்டாசியில் கல்யாண வேலை இருக்காது என்பதால் அக்டோபர் 8ஆம் தேதி மூன்று கணினிகளுக்குப் புது எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பை ஏற்றினோம். போன வருடம் எடுத்து வைத்த பென்டிரைவிலிருந்து ஏற்றியது. நான்காவது பழைய கணினி, 11க்குத் தகுதியில்லை. அது விண்டோஸ் 10லேயே ஓடுகிறது. தீபாவளி நேரத்தில் ஏதும் கோளாறு வந்துவிடக் கூடாது என்று மூன்றிலும் அன்றைக்கே அப்டேட்டை ஐந்து வாரத்துக்கு நிறுத்தி வைத்தேன்.

அந்த ஐந்து வாரம் இன்றோடு முடிந்தது. காலையில் கடை திறந்ததும் மூன்றும் அப்டேட் எடுத்து ரீஸ்டார்ட் ஆயின. அதற்குப் பிறகு முதல் கணினியில் இருக்கும் ‘வேலை’ ஃபோல்டரை மற்ற இரண்டிலிருந்தும் திறக்க முடியவில்லை. யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கிறது. சரியாகக் கொடுத்தாலும் தவறு என்கிறது, மறுபடியும் கேட்கிறது. ஐபி எண் போட்டுப் பார்த்தாலும் அதேதான். லேசர் பிரிண்டர் முதல் கணினியில் ஷேர் செய்திருந்தது, அதுவும் போய்விட்டது.

ஒரு விஷயம்தான் புரியவில்லை. பழைய விண்டோஸ் 10 கணினியிலிருந்து அதே ஃபோல்டர், அதே பாஸ்வேர்டுக்குத் திறக்கிறது.

கார்த்திகை பிறக்க இன்னும் ஐந்து நாள். புரூஃபில் நிறைய பத்திரிகைகள் நிற்கின்றன. ட்ரேசிங் (அச்சுக்குக் கொடுக்கும் மெல்லிய தாள் பிரதி) எடுக்க பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு கணினிக்குக் கணினி ஓடுகிறேன். யாருக்காவது இதே போல ஆகியிருக்கிறதா?

---

வள்ளியூர்_தம்பி | நவம்பர் 12, இரவு 9.15

அண்ணாச்சி, 24எச்2 வந்ததிலிருந்தே இந்தத் தொல்லை உண்டு. பாஸ்வேர்டு இல்லாத ‘கெஸ்ட்’ அணுகலை புரோ பதிப்பில் அடைத்துவிட்டார்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் பழையபடி திறந்துவிடும். கூடவே எஸ்எம்பி சைனிங்கையும் (ஃபோல்டர் பங்கிடும்போது நடக்கும் கையொப்பச் சோதனை) அணைத்துவிடுங்கள். எங்கள் நெட் சென்டரில் அப்படித்தான் ஓட்டுகிறோம். ஐந்து நிமிட வேலை.

---

பாளை_ட்ரேசிங் | நவம்பர் 12, இரவு 10.05

இரண்டையும் செய்து பார்த்தேன் தம்பி. மாற்றம் இல்லை, அதனால் திரும்பப் பழையபடி வைத்துவிட்டேன். இங்கே கெஸ்ட் அணுகலே கிடையாது. பங்கிடுவதற்கென்று தனி யூசர், பாஸ்வேர்டு போட்டுத்தான் முதலிலிருந்தே வைத்திருக்கிறோம்.

---

தென்காசி_அலுவலகம் | நவம்பர் 13, காலை 7.20

பிரிண்டர் என்றதும் கேட்கிறேன். இந்த வருடத் தொடக்கத்தில் யுஎஸ்பி பிரிண்டர்கள் தாமாகவே ஆங்கில எழுத்துகளை அடித்துக் காகிதத்தைத் தள்ளினவே, அதன் தொடர்ச்சியாக இருக்குமோ?

---

சந்திப்பு_சர்வீஸ் | நவம்பர் 13, காலை 8.10

தென்காசிக்காரருக்கு: இல்லை. அது ஜனவரி மாத அப்டேட்டில் வந்தது, மார்ச்சில் சரிசெய்யப்பட்டது. விண்டோஸ் 10லும், 11ன் 22எச்2, 23எச்2விலும்தான் இருந்தது, 24எச்2வை அது தொடவில்லை.

பாளை அண்ணாச்சிக்கு: ரெஜிஸ்ட்ரி மாற்றத்தைத் திரும்ப எடுத்தது நல்ல காரியம். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். கெஸ்ட் அணுகல் என்றால் உங்கள் வைஃபையில் சேரும் எந்த ஆளும், எந்த வைரஸும் கேள்வியில்லாமல் ஃபோல்டருக்குள் வரலாம் என்று பொருள். ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்களுக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். நெட் சென்டரில் ஆள் வந்து போகும் இடத்தில் இது இன்னும் ஆபத்து.

உங்கள் பதிவில் ஒரு துப்பு இருக்கிறது. மூன்று புதுக் கணினிகளும் தங்களுக்குள் திறக்கவில்லை, பழைய கணினி மட்டும் திறக்கிறது. அதனால் ஒன்று கேட்கிறேன்: மூன்றுக்கும் தனித்தனியாக விண்டோஸ் ஏற்றினீர்களா, ஒன்றில் ஏற்றி மற்ற இரண்டு எஸ்எஸ்டிக்கும் அப்படியே நகலெடுத்து, அதாவது குளோன் செய்தீர்களா?

சோதித்துப் பார்க்கும் வழி இதுதான். ஒவ்வொரு கணினியிலும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ‘ஹூ ஆம் ஐ’ என்பதை ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ‘யூசர்’ என்று அடியுங்கள். எஸ் 1-5-21 என்று தொடங்கும் நீளமான எண் வரும். அந்த 21க்குப் பிறகு வரும் மூன்று பெரிய எண்களைத் தாளில் எழுதி, மூன்று கணினிகளையும் ஒப்பிடுங்கள். கடைசியில் நிற்கும் 1001 போன்ற சின்ன எண்ணை விட்டுவிடலாம்.

---

பாளை_ட்ரேசிங் | நவம்பர் 13, காலை 10.30

அண்ணாச்சி, மூன்றிலும் எண்கள் அச்சு அசலாக ஒன்றே. விண்டோஸ் 10ல் மட்டும் வேறு.

ஆமாம், குளோன்தான். கணினி வேலை பார்த்துத் தருகிற தம்பி ஒன்றில் பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃபான்ட் எல்லாம் ஏற்றி முடித்து, அதை அப்படியே மற்ற இரண்டுக்கும் இறக்கினார். ஒரே நாளில் மூன்றும் தயார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இவ்வளவு காலமும் எல்லாரும் இப்படித்தான் செய்துகொண்டிருந்தோம், ஒன்றும் ஆனதில்லை.

---

சந்திப்பு_சர்வீஸ் | நவம்பர் 13, பகல் 2.40

அப்படியென்றால் நோய் தெரிந்துவிட்டது. கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், இதே சிக்கலில் இன்னும் பலர் இருப்பார்கள்.

அந்த நீள எண்ணுக்கு எஸ்ஐடி என்று பெயர். விண்டோஸ் ஏற்றும்போது ஒவ்வொரு கணினிக்கும் தனியாக உருவாகும். ஏற்றி முடித்த டிஸ்க்கைக் குளோன் செய்தால் எண்ணும் சேர்ந்தே போய்விடும். குளோன் செய்வதற்கு முன் விண்டோஸிலேயே இருக்கும் ‘சிஸ்பிரெப்’ என்ற கருவியை ஓட்டி அந்த எண்ணை நீக்க வேண்டும் என்பது பழைய விதி. சின்னக் கடைகளில் யாரும் அதைப் பார்த்ததில்லை, ஏனென்றால் ஒரே எண் இரண்டு கணினியில் இருந்தாலும் ஷேரிங் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்டுகளில் 24எச்2, 25எச்2 இரண்டும் இந்த எண்ணைச் சோதிக்கத் தொடங்கிவிட்டன. இரண்டு பக்கமும் ஒரே எண் என்றால் அங்கீகாரத்தை மறுத்துவிடும். திரையில் வருவதோ ‘பாஸ்வேர்டு தவறு’ என்ற செய்திதான், அதனால் எல்லாரும் பாஸ்வேர்டையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இது பிழையல்ல, பாதுகாப்புக்காக வேண்டுமென்றே சேர்த்தது. மைக்ரோசாஃப்ட்டின் உதவிக் குறிப்பிலும் இப்படித்தான் இருக்கிறது. எனவே அடுத்த மாத அப்டேட்டில் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. தற்காலிகமாகத் தளர்த்த ஒரு குரூப் பாலிசி (நிர்வாகிகள் மாற்றும் அமைப்பு) உண்டு. அதை அவர்களுடைய ஆதரவுப் பிரிவில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு ஆகும், நான்கு கணினிக் கடைக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

இன்றைக்கே வேலை நடக்க இரண்டு மாற்று வழி உண்டு. ‘வேலை’ ஃபோல்டரைப் பழைய விண்டோஸ் 10 கணினிக்கு மாற்றி அங்கிருந்து பங்கிடுங்கள். அதன் எண் வேறு என்பதால் மூன்றும் அதற்குள் போக முடியும். பிரிண்டரில் லேன் சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நேராக ரவுட்டரில் கேபிள் செருகி, மூன்று கணினியிலும் ஐபி எண் கொடுத்துத் தனித்தனியாகச் சேர்த்துவிடுங்கள். பிரிண்டரைக் கணினி வழியாகப் பங்கிடவே தேவையில்லை. எனக்குக் கேட்டால் எந்தக் கடையிலும் இதுதான் சரியான முறை. 2021 செப்டம்பரில் 11பி எரர் வந்து ஊர் முழுக்க பிரிண்டர் ஷேரிங் நின்றபோது, கேபிளை ரவுட்டரில் செருகியிருந்தவர்கள் வேலை மட்டும் நிற்கவில்லை.

நிரந்தரத் தீர்வு: ஒரு கணினியை அப்படியே விட்டு, மற்ற இரண்டிலும் சிஸ்பிரெப் ஓட்டுங்கள், அல்லது புதிதாக விண்டோஸ் ஏற்றுங்கள். நான் புதிதாக ஏற்றுவதையே சொல்வேன்.

அதற்கு முன் பேக்கப். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் திருநெல்வேலி சந்திப்புப் பகுதியே தண்ணீரில் நின்றது. அதற்கடுத்த வாரம் என் மேசைக்கு வந்த ஹார்டு டிஸ்க்குகளை இன்னும் மறக்க முடியவில்லை. பதினைந்து வருடப் பத்திரிகை மாதிரிகளை ஒரே டிஸ்க்கில் வைத்திருந்த ஓர் அண்ணாச்சி, சேறு படிந்த அந்த டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்தார். ஒன்றும் மீளவில்லை. நீங்கள் இரண்டு கணினியைத் துடைக்கப் போகிறீர்கள். ஒரு பிரதி வெளி டிஸ்க்கில் எடுத்து, அதை வீட்டில் கொண்டு வைத்துவிட்டுக் கையை வையுங்கள்.

---

பாளை_ட்ரேசிங் | நவம்பர் 13, இரவு 7.15

லேன் சாக்கெட் பிரிண்டரின் பின்பக்கம் தூசிக்குள் இருந்தது. கேபிள் போட்டாயிற்று, மூன்றிலிருந்தும் ட்ரேசிங் வருகிறது. ஃபோல்டரும் பழைய கணினிக்குப் போய்விட்டது. மாலையில் ஓர் அஞ்சலி போஸ்டர் வந்தது, ஒரு மணி நேரத்தில் கொடுத்து அனுப்பினேன். அந்த வேலைக்கு மட்டும் நாளைக்கு வாருங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. ரொம்ப நன்றி அண்ணாச்சி. மீதியை ஞாயிற்றுக்கிழமை கடையடைத்துச் செய்கிறேன்.

---

அம்பை_டீச்சர் | நவம்பர் 13, இரவு 8.30

அண்ணாச்சி, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் பள்ளியில் தமிழ் ஆசிரியை. வினாத்தாள்கள் எல்லாம் வேர்டில் லதா எழுத்துருவில் வைத்திருக்கிறேன். புது கணினியில் திறந்தால் எழுத்து தெரிகிறது, ஆனால் லதா இல்லை, வேறு எழுத்துருவில் வருகிறது. இரண்டு பக்கத்தில் அடங்கிய தாள் இரண்டரைப் பக்கம் ஆகிறது. அரையாண்டுத் தேர்வு வருகிறது. ஒவ்வொன்றாகச் சரிசெய்ய நேரம் இல்லை.

---

பாளை_ட்ரேசிங் | நவம்பர் 13, இரவு 9.40

டீச்சர், இது எனக்குத் தெரிந்த விஷயம், நானே சொல்கிறேன். லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10லிருந்தே விண்டோஸோடு தாமாக வருவதில்லை. நிர்மலா யுஐ மட்டும்தான் முதலிலேயே இருக்கும், உங்களுக்குத் தெரிவதும் அதுவாகத்தான் இருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய், ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்று தேடிச் சேருங்கள். இணைய இணைப்பு வேண்டும். லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்தாலும் தானாக இறங்கிவிடும். அதோடு தமிழ்99 விசைப்பலகையும் விண்டோஸிலேயே உண்டு, தனி மென்பொருள் தேவையில்லை. லதா வந்ததும் பழைய தாள்கள் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

ஃபான்ட் பற்றி எழுத ஆரம்பித்தாயிற்று, டிடிபிக்காரர்களுக்கும் ஒன்று. அக்டோபரில் நான் ஒன்றரை நாள் இதில் தலையை உடைத்துக்கொண்டேன். பேஜ்மேக்கர் 2001ல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள், யூனிகோடு அதற்குத் தெரியாது. அதனால்தான் இன்றைக்கும் பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்களை வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த எழுத்துரு கிடைக்காவிட்டால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். எல்லா ஃபான்ட்டையும் ஏற்றிவிட்டேன், வேர்டில் தெரிகிறது, பேஜ்மேக்கரில் மட்டும் பட்டியலில் இல்லை.

காரணம் இதுதான்: 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து, ஃபான்ட்டை ரைட் கிளிக் செய்து வெறும் ‘இன்ஸ்டால்’ கொடுத்தால், அந்த ஒரு பயனருடைய ஃபோல்டருக்குள் மட்டும்தான் போகிறது. பழைய மென்பொருள்கள் அங்கே தேடுவதில்லை. ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ என்று கொடுக்க வேண்டும். விண்டோஸ் 11ல் அது கண்ணில் படாவிட்டால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே பாருங்கள். அப்படி ஏற்றிவிட்டு பேஜ்மேக்கரை மூடித் திறந்ததும் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஏற்கெனவே தனியாக ஏற்றியதை முதலில் நீக்கிவிடுங்கள், ஒரே ஃபான்ட் இரண்டு இடத்தில் இருந்தால் குழப்பும்.

---

வள்ளியூர்_தம்பி | நவம்பர் 14, காலை 11.00

இவ்வளவு பாட்டைப் பார்த்தால் அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்திவிடுவதுதான் நல்லது என்று தோன்றுகிறது. சர்வீஸை டிசேபிள் செய்துவிட்டால் முடிந்தது. நன்றாக ஓடும் வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும்?

---

சந்திப்பு_சர்வீஸ் | நவம்பர் 14, பகல் 1.20

தம்பி, உங்கள் ஆதங்கம் நியாயம்தான். அக்டோபர் 14ஆம் தேதி அப்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரெகவரி திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. விண்டோஸுக்குள் நன்றாக இருக்கும், பழுதுபார்க்கும் திரைக்குப் போனால் மட்டும் செத்துவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரம். மழையில் கரண்ட் போய்ப் போய் வந்து, பாதி அப்டேட்டில் அணைந்த கணினிகள் என் மேசைக்கு வந்தன. ரெகவரி திரை நிற்கிறது, ஓர் அம்புக்குறியைக்கூட நகர்த்த முடியவில்லை. பரணிலிருந்து உருண்டை பின் கீபோர்டு ஒன்றை எடுத்துத் துடைத்துச் செருகினேன், அது வேலை செய்தது. அந்த உருண்டை பின்னுக்கான பிஎஸ்/2 சாக்கெட் இல்லாத கணினிகளுக்கு பென்டிரைவ் வழியாக பூட் செய்ய வேண்டியிருந்தது. சரியாக தீபாவளி அன்று, 20ஆம் தேதி, அவசரத் திருத்தமாக கேபி 5070773 வந்தது.

இப்படியெல்லாம் நடக்கும்போது நிறுத்திவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் உங்கள் கடையில் ஜனங்கள் வந்து வங்கிக் கணக்கைத் திறக்கிறார்கள், ஆதார் நகல் எடுக்கிறார்கள். பாதுகாப்புத் திருத்தம் இல்லாத கணினியில் அதைச் செய்யவிடுவது அவர்களுக்குச் செய்யும் தவறு. நிறுத்தாதீர்கள், தள்ளிப் போடுங்கள். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்தான் அப்டேட் நாள். நமக்கு அன்றிரவு 10.30, அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் 11.30. அதனால்தான் நம் ஊரில் புதன்கிழமை காலையில் ரீஸ்டார்ட் கேட்கிறது. கடையில் முக்கியமில்லாத ஒரு கணினியில் மட்டும் அன்றே ஏற்றுங்கள். மற்றதை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். பெரிய கோளாறுகள் அந்த ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். மாதக் கடைசியில் வரும் ‘பிரிவ்யூ’ எனும் முன்னோட்ட அப்டேட்டை கடைக்காரர்கள் தொடவே வேண்டாம்.

யுபிஎஸ் இல்லாத கணினியில் ஐப்பசி, கார்த்திகை மழை நேரத்தில் அப்டேட் ஓட்டாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

---

சங்கரன்கோவில்_கணக்கு | நவம்பர் 14, மாலை 6.45

யுபிஎஸ் என்றதும் நினைவு வந்தது. சாயங்காலம் ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ கொடுத்துவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டிப் போனால், காலையில் கணினி ஓடிக்கொண்டிருக்கும். அணைந்தது மறுபடி தானாக எழுந்து ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது. இது என் கணினியில் மட்டுமா?

---

சந்திப்பு_சர்வீஸ் | நவம்பர் 14, இரவு 7.05

எல்லாருக்கும் உண்டு, பல வருடப் பழைய பிழை. அக்டோபர் 28 பிரிவ்யூவில் திருத்தினார்கள், இந்த நவம்பர் அப்டேட்டில் எல்லாருக்கும் வந்திருக்கிறது. இந்த அப்டேட் ஏறுகிற முறை மட்டும் அருகில் இருந்து அணைந்ததைப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

---

அம்பை_டீச்சர் | நவம்பர் 15, காலை 9.10

லதா வந்துவிட்டது. இரண்டு பக்கத்திலேயே அடங்குகிறது. எங்கள் பள்ளியில் மற்ற ஆசிரியர்களுக்கும் செய்து கொடுத்தேன். நன்றி அண்ணாச்சி.

---

பாளை_ட்ரேசிங் | நவம்பர் 16, இரவு 9.30

முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சனிக்கிழமை இரவே வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து வீட்டில் வைத்தேன். இன்று காலை இரண்டாவது கணினியில் சிஸ்பிரெப் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டோரிலிருந்து வந்த ஏதோ ஒரு செயலி இந்தப் பயனருக்கு மட்டும் ஏற்றப்பட்டிருக்கிறது என்று நின்றுவிட்டது. அதை நீக்கினால் அடுத்தது. மூன்றாவது தடவையோடு விட்டுவிட்டு, சந்திப்பு அண்ணாச்சி சொன்னபடியே இரண்டிலும் புதிதாக விண்டோஸ் ஏற்றினேன். இந்த முறை பென்டிரைவையும் புதிதாக எடுத்தேன். பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃபான்ட் எல்லாம் சேர்த்து ஒரு கணினிக்கு இரண்டு மணி நேரம் கூட ஆகவில்லை. எண்கள் இப்போது மூன்றிலும் வேறு வேறு. ஃபோல்டர் முதல் தடவையிலேயே திறந்தது.

ஒரு விஷயம் எல்லாரும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து 24எச்2வைப் புதிதாக ஏற்றினால், ஹோம் பதிப்பிலும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. என்றைக்காவது நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்டால், அது அந்தக் கணக்குக்குள்தான் இருக்கும். அந்த மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் நினைவில்லாவிட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் போனதுதான். இரண்டு கணினிச் சாவியையும் அச்செடுத்து, கணினிப் பெயர் எழுதி, வீட்டு பீரோவில் வைத்துவிட்டேன்.

பழைய விண்டோஸ் 10 கணினியை என்ன செய்வது அண்ணாச்சி? ஃபோல்டர் இப்போது அதில்தான் இருக்கிறது.

---

சந்திப்பு_சர்வீஸ் | நவம்பர் 17, காலை 8.00

ஃபோல்டரை முதல் கணினிக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். 10க்கான வழக்கமான ஆதரவு அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் நீட்டிப்புக்குப் பதிவுசெய்யும் இணைப்பு தெரிகிறதா பாருங்கள். 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். அமைப்புகளை அந்தக் கணக்கில் பேக்கப் செய்தால் கட்டணம் இல்லை. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். அதுவரை பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பிரவுசர் திறக்க வேண்டாம்.

பிரிண்டர் கேபிளை ரவுட்டரிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ரவுட்டருக்குள் போய் அந்த பிரிண்டருக்கு ஐபி எண்ணை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் எண் மாறி, ட்ரேசிங் வரவில்லை என்று மறுபடி எழுதுவீர்கள்.

---

பாளை_ட்ரேசிங் | நவம்பர் 17, காலை 9.20

ஒதுக்கிவிட்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டும் பார்த்தேன், அதே எண்தான். இன்று கார்த்திகை முதல் நாள், முதல் பத்திரிகை பிரிண்டருக்குப் போய்விட்டது.